வெட்டி ஒட்டிய வாய்மொழி



தூதுவர் இருவகையர் என்று திருக்குறள் உரையில் பரிமேலழகர் பகுத்துக் காட்டுவார். செய்தியைத் தாமே ஆய்ந்து வகுத்துக் கூறுவார் ஒரு வகையர். விடுத்தவர் கூறியதை அவ்வாறே கூறுவார் மற்றொரு வகையர். இவ்விரண்டு தொழிலும் இழிவுடையன அல்ல. ஆனால் கூறியது கூற வந்தவன் இடைவழியில் தானே வகுக்கத் தொடங்கி, வகுத்ததை விடுத்தவனின் வாய்ச்சொல்லாகவே அவையில் வைப்பானாயின் என்ன விளையும்? போர் விளையும். இஃது உயர்வு நவிற்சியன்று, வரலாறு.

1870ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள். பிரசிய மன்னர் வில்லெம், எம்சு என்னும் ஊற்றுநீர் நகரில் தங்கியிருந்தார். இசுப்பானிய அரியணைக்குத் தம் குடியினர் எவரும் போட்டியிட இனி எக்காலத்தும் ஒப்புவதில்லை என்று மன்னர் உறுதி தரவேண்டும் எனப் பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி, உலாவிடத்தில் அவரை அணுகிக் கேட்டார். மன்னர் மறுத்தார்; ஆயினும் விரட்டினார் அல்லர். பின்னர், போட்டியிட இருந்த இளவரசர் விலகிக்கொண்டது உறுதியானதும், அச்செய்தியைத் தூதர்க்குத் தெரிவித்து, இனித் தாம் கூறுவதற்கு வேறொன்றும் இல்லை என்று உதவியாளர் வாயிலாகச் சொல்லி விடுத்தார். இந்நடப்பு நீண்டதொரு தொலைவரியாகப் பெர்லினில் இருந்த பிசுமார்க்கிற்குச் சென்றது. பிசுமார்க்கு போரை விரும்பியவர். எழுதுகோலை எடுத்தார். ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, ஒரு சொல்லும் மாற்றவில்லை, வெட்டியது மட்டுமே தம் வேலை என்று பின்னாளில் தம் நினைவுநூலில் அவரே எழுதி வைத்தார். வெட்டியபின் எஞ்சியது என்ன? மன்னர் தூதரை மீண்டும் காண மறுத்தார். சொல்ல ஒன்றுமில்லை என்று ஆள்வழிச் சொல்லி அனுப்பினார். அவ்வளவே. கரணியம் போயிற்று, இடைப்பட்ட நயவுரை போயிற்று. அன்று மாலையே அது செய்தித்தாளில் வந்தது. தம் மன்னர் இழிவுபடுத்தப்பட்டார் என்று செருமானியர் கொதித்தனர். தம் தூதர் இழிவுபடுத்தப்பட்டார் என்று பிரெஞ்சுக்காரர் கொதித்தனர். சூலை 19ஆம் நாள் பிரான்சு போர் அறிவித்தது.

சொன்ன சொல் ஒவ்வொன்றும் மெய். சொல்லியதாகக் காட்டப்பட்டதோ பொய். அன்று தொலைவரியில் ஓர் எழுதுகோல் செய்த வேலையைப் பிற்காலத்தில் தொலைக்காட்சி நிலையங்களின் வெட்டுமேசைகள் நாள்தோறும் செய்யத் தொடங்கின. வேறுபாடு ஒன்றுண்டு. தொலைவரியைப் படித்தவன், 'இதை எவனோ எழுதியிருக்கின்றான்' என்றேனும் எண்ணுவான். திரையிலோ பேசியவரின் முகமே தெரிகிறது. அவர் குரலே கேட்கிறது. கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன் என்று சொல்பவனிடம் யார் என்ன சொல்ல இயலும்?

செவ்வி ஒன்று எவ்வாறு உருவாகிறது என்பதைத் திரைக்கு முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் அறியார். பழைய முறையில் படக்கருவி ஒன்றுதான் இருக்கும். அது விடை கூறுபவரின் முகத்தையே நோக்கியிருக்கும். அவர் பேசி முடித்தபின் கருவியைத் திருப்பி வைத்து, வினவியவர் தம் வினாக்களை மீண்டும் ஒருமுறை வெற்றிடத்தை நோக்கிக் கேட்பார், எவரும் பேசாதபோதே தலையசைப்பார், புருவம் நெரிப்பார், ஐயுறுவார்போல் உதட்டைப் பிதுக்குவார். இவையெல்லாம் தனித்தனியே படமாகும். முதன்முறை தணிந்த குரலில், சுற்றி வளைத்துக் கேட்ட வினா, இரண்டாம் முறை கூர்மையேறி வருதலும் உண்டு. அதற்கு விடை கூறியவர் அக்கூர்மையைக் கண்டதே இல்லை.

விடையின் நடுவே ஒரு பகுதியை அறுத்தெடுத்தால் திரையில் முகம் துள்ளும். அத்துள்ளலை மறைக்க, அவ்விடத்தில் வினவியவரின் தலையசைப்பையோ மேசைமேல் கிடக்கும் கைகளையோ ஓரிரு நொடி காட்டினால் போதும். வெட்டுக்காயம் கண்ணுக்குத் தெரியாது. அச்சில் ஒரு பகுதியை விட்டுவிட்டால் மூன்று புள்ளிகளேனும் அங்கே நின்று 'இங்கு ஏதோ இருந்தது' என்று சான்று பகரும். திரையில் அப்புள்ளிகளுக்கு இடமில்லை. தைத்த வடு தெரியாமல் தைப்பதே அங்குக் கைத்திறம் எனப்படுகிறது.

இனி, காலச்சுருக்கம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் செய்திகளை ஆய்ந்த ஆலின் என்னும் அறிஞர், வேட்பாளர் ஒருவர் தம் சொந்தக் குரலில் இடையறாது பேசுமாறு விடப்பட்ட நேரத்தை அளந்தார். 1968ஆம் ஆண்டில் அது சராசரி 43 நொடி. 1988ஆம் ஆண்டில் 9 நொடி. ஒன்பது நொடியில் ஒருவர் தம் முடிவைச் சொல்லலாம். அம்முடிவுக்குத் தாம் வந்த வழியைச் சொல்ல இயலாது. 'ஆனால்' என்று தொடங்கும் பகுதி எப்போதும் பத்தாவது நொடியில்தான் வரும்.

இக்கலை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு 1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் எழுந்த பூசலைப் போல் தெளிவான சான்று வேறில்லை. சி.பி.எசு. என்னும் தொலைக்காட்சி நிறுவனம் அவ்வாண்டு பிப்பிரவரி 23ஆம் நாள் 'பெண்டகன் விற்பனை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு படத்தை ஒளிபரப்பிற்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மக்கள் பணத்தைக் கொட்டி, தன் படைவலியையும் வியத்துநாம் போரையும் மக்களிடமே விலைபேசி விற்கிறது என்பது அப்படத்தின் குற்றச்சாட்டு. படைக்கலக் காட்சிகள், சுற்றிச் சுற்றிச் சொற்பொழியும் படைத்தலைவர்கள், பரப்புரைப் படங்கள் என எல்லாவற்றையும் அது காட்டிற்று. குற்றச்சாட்டின் அடிப்படையில் உண்மை இருந்தது. அதனை இங்கு மறுப்பதற்கில்லை. அப்படம் பெருமைமிக்க விருதுகளும் பெற்றது.

ஆனால் அப்படத்தில் பாதுகாப்புத் துறையின் துணைச்செயலர் தானியல் என்கின் என்பவரின் செவ்வி ஒன்று இருந்தது. வினவியவர் இராசர் மட்டு. ஊர்ச் சந்தைகளிலும் கடைத்தொகுதிகளிலும் படைக்கருவிகளைக் காட்சிக்கு வைப்பதன் நோக்கம் என்ன என்று அவர் வினவினார். மக்களுக்குத் தம் படைகளைப் பற்றித் தெரிவிப்பதே நோக்கம் என்று என்கின் தொடங்கினார். அதனைத் தொடர்ந்து, கட்டாயப் படைச்சேர்ப்பைக் குறைத்து விரும்பி வருவோரை நம்பும் நிலைக்கு நாடு செல்லும்போது, இளைஞர்க்கு ஆர்வமூட்டவும் இது துணைசெய்யும் என்று விளக்கினார். இது கேட்ட வினாவுக்கு நேரான விடை. ஒருவர் ஏற்கலாம், ஏலாதிருக்கலாம், ஆனால் விடைதான்.

திரையில் வந்தது வேறு. முதற்றொடர் மட்டும் இருந்தது. ஆள்சேர்ப்பைப் பற்றிய விளக்கம் வெட்டப்பட்டது. அவ்விடத்தில், வேறொரு வினாவுக்கு அவர் கூறிய விடை ஒட்டப்பட்டது. பணம் ஏன் கேட்கப்படுகிறது, எவ்வாறு செலவாகிறது, படையில் மயக்கப்பொருள் சிக்கல் என்ன, இனச்சிக்கல் என்ன என்றெல்லாம் கேட்க மக்களுக்கு உரிமையுண்டு என்பது அவ்விடை. படைக்கருவிக் காட்சியைப் பற்றிக் கேட்டால் மயக்கப்பொருளைப் பற்றிப் பேசுகிறாரே, இவர் எதையோ மழுப்புகிறார் என்றுதானே பார்ப்பவன் எண்ணுவான்? மழுப்பல் அவருடையதன்று, கத்தரிக்கோலுடையது.

இன்னொன்று இதனினும் கொடிது. மக்நீல் என்னும் படைத்தலைவர் பியோரியா நகரில் நீண்டதோர் உரை நிகழ்த்தினார். அப்படத்தில் அவர் அடுத்தடுத்துப் பேசியதாக ஆறு தொடர்கள் காட்டப்பட்டன. அவ்வாறும் அவர் உரையின் வெவ்வேறு பக்கங்களிலிருந்து பொறுக்கப்பட்டவை. முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் வைத்துக் கோக்கப்பட்டவை. அவற்றுள் ஒரு பகுதி அவர் கூற்றே அன்று; இலாவோசு நாட்டுத் தலைமையமைச்சர் சுவன்னபூமாவின் கருத்தை அவர் எடுத்துக்காட்டிய இடம். 'இன்னார் கூறினார்' என்னும் பகுதி நீங்கியதும், பிறன் கருத்து அவர் கருத்தாகிவிட்டது. ஆறு தொடரும் அவர் வாயினின்று வந்தவை. ஆறு தொடரும் சேர்ந்து சொன்ன பொருளை அவர் எங்கும் சொல்லவில்லை.

இது வெளியானதும் அமெரிக்க மக்களவை கொதித்தெழுந்தது. வணிகக் குழுவின் தலைவர் இசுடாக்கர்சு, ஒளிபரப்பாத படச்சுருள்களையும் எழுத்துப்படிகளையும் கொணர்ந்து ஒப்படைக்குமாறு சி.பி.எசு. தலைவர் பிராங்கு இசுடாண்டனுக்குக் கட்டளையிட்டார். இசுடாண்டன் மறுத்தார். செய்தியாளனின் வெட்டுமேசையில் அரசு கைவைக்குமாயின் பின்னர் எந்தச் செய்தியாளனும் அரசைக் குறைகூறத் துணியமாட்டான் என்பது அவர் கட்சி. அவர்மேல் அவையவமதிப்புக் குற்றம் சாட்டவேண்டும் என்று குழு முடிவு செய்தது. 1971 சூலை 13ஆம் நாள் மக்களவை 226க்கு 181 என்னும் கணக்கில் அம்முடிவைக் குழுவுக்கே திருப்பி அனுப்பிற்று. வழக்கு அத்தோடு அடங்கிற்று.

அவை செய்தது முறையே. திரித்த செய்தியைத் திருத்தும் பொறுப்பை அரசிடம் ஒப்படைப்பது, ஆட்டுக்கிடாயைத் திருத்தக் கசாப்புக்காரனை அழைப்பது போன்றது. அவன் திருத்தமாட்டான், அறுப்பான். ஆயினும் இசுடாண்டன் காத்தது செய்தியாளனின் உரிமையை மட்டுமே. என்கினின் வாய்மொழிக்கு உரிமையாளர் யார் என்னும் வினாவுக்கு அவர் விடை கூறவில்லை. குற்றச்சாட்டு உண்மையானால் சான்றைச் சற்றே வளைக்கலாம் என்று கருதுவோர் எல்லா நாட்டிலும் எல்லாக் கட்சியிலும் உளர். தூயநோக்கம் உடையவரிடமே இக்குறை மிகுதி. அப்படத்தின் பகைவர்க்கு அதனை மறுக்க வேறு கருவியே தேவைப்படவில்லை. படைத்துறை எவ்வளவு பணத்தைப் பரப்புரைக்குக் கொட்டிற்று என்று பேசவேண்டிய அவையில், ஒரு விடை எந்தப் பக்கத்தினின்று வெட்டப்பட்டது என்பதே மாதக்கணக்கில் பேச்சாயிற்று.

சி.பி.எசு. வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு சூன் திங்களிலேயே தன் செய்திப்பிரிவுக்குப் புதிய நெறிகளை வகுத்துக்கொண்டது. ஒரு வினாவுக்கு உரியதாகக் காட்டப்படும் விடை வேறு வினாவின் விடையினின்று எடுக்கப்பட்டிருந்தால் அதனை ஒளிபரப்பிலேயே சொல்லிவிட வேண்டும். செவ்வி தந்தவர் விரும்பிக் கேட்டால், ஒளிபரப்பிற்குப்பின் முழுச்செவ்வியின் எழுத்துப்படியை அவர்க்குத் தரவேண்டும். நல்ல நெறிகள்; எழுதியவர்களே பதினோர் ஆண்டுகள்கூட முழுமையாகக் காக்கவில்லை.

1982 சனவரி 23ஆம் நாள் அதே நிறுவனம் 'எண்ணப்படாத பகைவர்' என்று பொருள்படும் படத்தை வெளியிட்டது. வியத்துநாமில் பகைவர் தொகையைத் தலைமைப் படைத்தலைவர் வெசுட்டுமோர்லேண்டு குறைத்துக் காட்டச் செய்தார் என்பது அதன் சாரம். வினவியவர் மைக்கு வாலசு. சில திங்களில் ஒரு கிழமையிதழ் அப்படம் உருவான வகையை அம்பலப்படுத்திற்று. நிறுவனத்தின் மூத்த செய்தியாளர் பர்ட்டன் பெஞ்சமின் உள்ளாய்வு நடத்திப் பதினொரு குறைகளைப் பட்டியலிட்டார். பல வினாக்களின் விடைகளை ஒன்றாக ஒட்டிய குறை அவற்றுள் ஒன்று. உடன்பாடான சான்றாளர் ஒருவரை இருமுறை செவ்வி கண்டதும், மற்றவர் கூறியவற்றை அவர்க்குப் போட்டுக் காட்டியதும் வெளிப்பட்டன. எதிர்ச்சான்றாளர்க்கு அந்நயப்பு இல்லை. படைத்தலைவர் 12 கோடித் தாலர் கேட்டு வழக்கிட்டார். 1985 பிப்பிரவரியில், பணம் பெறாமலே, இருவர்க்கும் ஒத்ததோர் அறிக்கையோடு விலகிக்கொண்டார். அவர் கணக்கு மெய்யா பொய்யா என்பது வேறு வழக்கு. அவ்வழக்கைத் தீர்க்கவிடாமல் வெட்டுமேசை குறுக்கே நின்றது.

சொல்லை வெட்டுவதும் ஒட்டுவதும் ஒருபுறமிருக்க, சொல்லின்மையையும் ஒட்டலாம் என்று காட்டியது 2016ஆம் ஆண்டு அமெரிக்கப்படம் ஒன்று. துப்பாக்கிக் கட்டுப்பாட்டைப் பற்றிய அப்படத்தில், கேட்டி கூரிக்கு என்னும் புகழ்பெற்ற செய்தியாளர், வர்சீனியாவைச் சேர்ந்த துப்பாக்கி உரிமைக் குழுவினரிடம் ஒரு வினாத் தொடுக்கிறார்: வாங்குவோரின் பின்னணியை ஆராயாவிடின் கொடியோர் கையில் துப்பாக்கி செல்வதை எவ்வாறு தடுப்பீர்? திரையில் அவர்கள் விடையறியாது எட்டு நொடிக்கும் மேலாக வாய்மூடி அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் கீழே பார்க்கிறார், ஒருவர் விழிக்கிறார். உண்மையில் அவர்கள் உடனே விடை கூறினர்; ஒருவர்பின் ஒருவராகக் கூறினர். அந்த வாய்வாளாமை, கருவிகளைச் சரிபார்ப்பதற்காகச் சற்றுப் பேசாதிருக்குமாறு கேட்டுக்கொண்டபோது எடுத்த படம்! அவர்கள் விடை ஏற்கத்தக்கதா என்பது இங்கு வினாவன்று. விடையிருந்தவரை விடையற்றவராகக் காட்டுவது, ஒருவர் சொல்லாததைச் சொன்னார் என்பதினும் நுட்பமான திருட்டு. கூரிக்கு பின்னர் அது நடந்ததைச் செவ்வையாகக் காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். குழுவினர் தொடுத்த வழக்கோ 2017இல் தள்ளுபடியாயிற்று. மானக்கேட்டுச் சட்டத்தின் வலைக்கண் வழியே இத்தகைய மீன்கள் எளிதில் நழுவிவிடும்.

அச்சிதழ்க்கும் இதே சிக்கல் உண்டு. உளப்பகுப்பாய்வு அறிஞர் மாசன் என்பவர், 'நியூயார்க்கர்' இதழில் 1983இல் சானெட்டு மால்கம் எழுதிய கட்டுரைகளில் மேற்கோட்குறிக்குள் இட்ட சில தொடர்கள் தம்முடையன அல்ல என்று வழக்கிட்டார். அமெரிக்க உச்ச முறைமன்றம் 1991ஆம் ஆண்டு ஒரு வரம்பு கட்டிற்று: பேசியவரின் சொல்லை அறிந்தே மாற்றியிருந்தாலும், பொருளில் பெரும் வேறுபாடு நேர்ந்தாலன்றி அதனைப் பொய்யென்று கொள்வதற்கில்லை. பேச்சிலுள்ள வழுக்களைத் திருத்துவதும், தடுமாற்றத்தை நேர்செய்வதும் இதழாளர்க்கு ஒப்பிய உரிமை. (அவ்வழக்கில் 1994இல் எழுத்தாளரே வென்றார்.) சிற்றூர் மூதாட்டி தம் ஊர்வழக்கில் சொன்னதைப் பொதுநடையில் எழுதும் தமிழ் இதழாளர்க்கும் இவ்வரம்பு பொருந்தும். நடையைத் திருத்தலாம், பொருளை அன்று. ஆனால் நடைக்கும் பொருளுக்கும் நடுவே கோடு எங்கே என்பதைத் தமிழில் கண்டுகொள்வது ஆங்கிலத்திலினும் கடினம்.

இது தமிழின் சொற்றொடர் அமைப்பினால் வருவது. சற்று விரிவாகவே காணத்தக்கது. ஆங்கிலத்தில் 'நான் நம்பவில்லை' என்பது தொடரின் முன்னே வந்துவிடும். நம்பாதது எது என்பது பின்னே வரும். பின்பகுதியை வெட்டினாலும் மறுப்பு முன்னேயே நிற்கும். தமிழில் முற்றுவினை இறுதியில், எதிர்மறை இறுதியில், ஐயம் இறுதியில், 'என்ப', 'என்கின்றனர்' என்று பிறர் கூற்றைப் பிறர்க்கே உரியதாக்கும் சொல்லும் இறுதியில். 'இத்திட்டத்தால் உழவர்க்கு நன்மையே விளையும் என்று அமைச்சர் கூறுவது நம்பத்தக்கதன்று' என்று ஓர் உழவர் கூறுகிறார் எனக் கொள்க. 'நன்மையே விளையும்' என்னுமிடத்தில் கத்தரி விழுந்தால் போதும். திட்டத்தை எதிர்த்தவர் திட்டத்தின் விளம்பரத்தில் வந்துவிடுவார். வெட்டியதோ தொடரின் வால்தான். உயிர் வாலில் இருந்தது. மக்நீலுக்கு நேர்ந்ததைத் தமிழில் செய்ய ஒரே ஒரு வெட்டுப் போதும்.

இடைச்சொற்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 'ஆசிரியரும் இதற்குப் பொறுப்புடையர்' என்று ஒருவர் சொன்னால், அவ்வும்மை எச்சவும்மை. அரசுக்கும் பெற்றோர்க்கும் பங்குண்டு என்பதை அது தன்னுள் அடக்கி நிற்கிறது. மறுநாள் தலைப்பில் 'ஆசிரியரே பொறுப்பு' என்று வரும். உம் போய் ஏ வந்தது. ஒரெழுத்து மாற்றம் என்று துணையாசிரியர் எண்ணுவார். பொதுப்பழி தனிப்பழியாயிற்று, எச்சம் பிரிநிலையாயிற்று. அவ்வாறே 'செய்திருப்பாரோ' என்னும் ஐய ஓகாரம் உதிர்ந்து 'செய்திருப்பார்' என்று துணிபாகும். தலைப்பின் அகலம் கருதி முதலில் உதிர்க்கப்படுவன இடைச்சொற்களே. தமிழில் பேசுபவரின் நேர்மையெல்லாம் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது.

வேற்றுமொழித் தொலைக்காட்சியில் தமிழர் ஒருவர் பேசும்போது அவர் குரல் இரண்டு நொடி கேட்கும்; பின் அது தாழ்த்தப்பட்டு அதன்மேல் மொழிபெயர்ப்புக் குரல் ஏறிக்கொள்ளும். தமிழறியாதவர்க்கு மூலம் புரியாது. தமிழறிந்தவர்க்கு மூலம் கேட்காது. ஒப்பிட்டுப் பார்க்கும் வழி இருபாலும் அடைபடுகிறது. எழுத்தாகக் கீழே ஓடவிட்டால், மூலக்குரலை அறிந்தோர் கேட்டுக்கொள்வர்.

இவ்வளவும் கூறியதனால் வெட்டுவதே குற்றம் என்று கொள்ளற்க. ஒரு மணிநேரம் பேசியவரின் பேச்சை ஐந்து மணித்துளியில் தரவேண்டியவர் வெட்டத்தான் வேண்டும். தடுமாறிப் பேசும் எளியவரின் கருத்து, திறமையும் நேர்மையும் உடையவர் கையில் சுருங்கும்போது மூலத்தினும் தெளிவாக விளங்குதல் உண்டு. வெட்டியபின் எஞ்சியதைப் பேசியவரே கண்டு, 'ஆம், இதைத்தான் சொன்னேன்' என்பாரா என்பதே உரைகல். என்கின் அவ்வாறு சொல்லியிரார். துப்பாக்கிக் குழுவினரும் சொல்லியிரார்.

எல்லா வெட்டும் ஓரளவின அல்ல என்பதற்கு அதே சி.பி.எசு. நிறுவனம் 2024ஆம் ஆண்டில் மீண்டும் எடுத்துக்காட்டாயிற்று. குடியரசுத் தலைவர் வேட்பாளர் கமலா ஆரிசின் செவ்வி அக்குத்தோபர் 7ஆம் நாள் ஒளிபரப்பாயிற்று. முன்னாள் வந்த முன்னோட்டத்தில் ஒரு வினாவுக்கு ஒரு விடை. முழு நிகழ்ச்சியில் அதே வினாவுக்கு வேறொரு விடை. இரண்டும் ஒரே விடையின் இரு பகுதிகள் என்று நிறுவனம் விளக்கிற்று. 2025 பிப்பிரவரியில் வெளிவந்த முழுப்பதிவும் அதையே காட்டிற்று. கருத்தின்மை என்று சொல்லலாம். என்கினுக்குச் செய்ததைப்போன்ற திரிப்பு என்று சொல்ல இயலாது. ஆயினும் எதிர்வேட்பாளர் திரம்பு பல நூறுகோடித் தாலர் கேட்டு வழக்கிட்டார். 2025 சூலையில், தன் தாய்க்குழுமம் வேறொன்றுடன் இணைய அரசின் ஒப்புதலை எதிர்நோக்கியிருந்த வேளையில், 1 கோடியே 60 இலக்கம் தாலர் தந்து நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது; மன்னிப்புக் கேட்கவில்லை. இனிக் குடியரசுத் தலைவர் வேட்பாளர் செவ்விகளின் முழு எழுத்துப்படியை வெளியிடவும் ஒப்பிற்று. அவ்வாண்டு செபுதம்பரில், அமைச்சர் ஒருவர் தம் செவ்வி வெட்டப்பட்டதாக முறையிட்டபின், தன் ஞாயிற்றுக்கிழமைச் செவ்வி நிகழ்ச்சியில் இனி நேரலையாகவோ வெட்டாமலோ மட்டுமே ஒளிபரப்புவதாக அறிவித்தது.

1971இல் மக்களவையின் கட்டளைக்குப் பணியாத நிறுவனம் 2025இல் பணிந்தது; அதுவும் குறைந்த குற்றத்துக்கு. பயன்பெற்றவர் யாவர் என்பதையும் காண்க. வேட்பாளர்க்கு முழுப்படி கிடைக்கும். அமைச்சர்க்கு வெட்டாத ஒளிபரப்புக் கிடைக்கும். வெள்ளத்தில் வீடிழந்து தெருவில் நிற்பவளிடம் ஒலிவாங்கியை நீட்டி, அவள் சொன்ன பத்துத் தொடரில் அழுத ஒன்றை மட்டும் எடுத்துச் செல்கிறார்களே, அவளுக்கு எந்த நெறியும் இன்னும் எழுதப்படவில்லை.

மேலே கண்ட வழக்குகளில் திரிப்பு எவ்வாறு வெளிப்பட்டது என்பது ஊன்றி நோக்கத்தக்கது. நிறுவனங்கள் தாமே முன்வந்து சொல்லவில்லை. என்கினின் அலுவலகம் அச்செவ்வியைத் தானும் பதிவு செய்து வைத்திருந்தது. அதனை ஒளிபரப்போடு ஒப்பிட்டபோதே ஒட்டுவேலை தெரிந்தது. துப்பாக்கிக் குழுவின் தலைவர் தம்மிடம் தனி ஒலிப்பதிவு வைத்திருந்தார். அதில் அந்த எட்டு நொடி இல்லை. வெசுட்டுமோர்லேண்டு செவ்வியின் எழுத்துப்படிகள் இதழாளர் கைக்குக் கிட்டியதனால் வெளிவந்தன. மாசன் வழக்கிலும் ஒலிப்பதிவுகளே ஆராயப்பட்டன. இரண்டாம் பதிவு ஒன்று இருந்த இடத்தில்தான் முதற்பதிவு பொய்த்தது தெரிந்தது.

ஆகவே செவ்வி தரும் நிலை நேர்ந்தோர், கைப்பேசியை மேசைமேல் வெளிப்படையாக வைத்துத் தாமும் பதிவு செய்துகொள்வது நல்லது. செய்தியாளர் நேர்மையானவராயின் அதற்கு முகஞ்சுளிக்கமாட்டார். மறுப்பைத் தமிழில் சொல்லும்போது, மறுக்கப்படும் கருத்தை முழுத்தொடராகத் தம் வாயால் சொல்லிப் பின் 'அன்று' என்று முடிப்பதைத் தவிர்த்து, 'அது பொய்' என்று முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு விளக்கலாம்; கத்தரிக்கு வால் அகப்படாது. பிறர் கருத்தை எடுத்துக்காட்டும்போது அவர் பெயரை நடுவில் மீண்டும் ஒருமுறை சொல்லலாம். ஒளிபரப்புக்கு முன்னரே முழுமையும் காட்டுக என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்பர். செவ்வி தந்தவரே ஆசிரியராகிவிடுவார் என்பது அவர்கள் கூறும் கரணியம். அதில் நயன் இல்லாமல் இல்லை. ஒளிபரப்புக்குப் பின் முழுப்படி கேட்பதற்கு அத்தடை பொருந்தாது. கருவியை இயக்குவதற்கு முன்னரே, எழுத்தில், அதனைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.